பெட்டிக்குள் ஒலிக்கும் பாக்

மேலைச் செவ்வியல் இசையை நம்மில் பெரும்பாலோர் அறிந்தது ஒலிப்பதிவின் வழியாகவே. லைப்சிக்கிலோ மியூனிக்கிலோ வாழும் ஒருவர் பாக்கின் பி மைனர் திருப்பலி இசையை ஓர் ஆலயத்தில் அமர்ந்து நேரில் கேட்டுவிட முடியும். நமக்கோ, முழு இசைக்குழுவும் பாடகர் குழுவும் சேர்ந்து நிகழ்த்தும் அத்தகைய படைப்பை நேரில் கேட்பது அரிதினும் அரிது. ஆகவே நாம் ‘பாக்’ என்று சொல்லும்போது ஒரு கேசட்டையோ, குறுந்தகட்டையோ, இன்றைய நிலையில் ஒரு கைப்பேசியையோதான் மனத்தில் கொண்டு பேசுகிறோம். அப்படியிருக்க, அந்த இசை உயர்ந்தது என்றோ, சலிப்பூட்டுவது என்றோ நாம் வழங்கும் தீர்ப்பில் இசையின் பங்கு எவ்வளவு, அதை நம் வீட்டுக்குக் கொண்டுவந்த பெட்டியின் பங்கு எவ்வளவு என்று கேட்டுப் பார்ப்பது முறையே.

இதில் இரு சாரார் உண்டு. “உண்மையான இரசிகனுக்கு எந்தப் பெட்டியும் போதும், இசை உள்ளத்தில் இருக்கிறது” என்பர் ஒரு சாரார். மற்றவரோ ஆம்ப்ளிஃபயரையும் ஒலிபெருக்கியையும் மாற்றிக்கொண்டே இருப்பர். மாற்றிய ஒவ்வொரு முறையும் இப்போதுதான் அந்த இசையை முதன்முதலாகக் கேட்டதாக உறுதி கூறுவர். முதல் கூற்றில் ஒருவகைத் துறவின் சாயல் இருப்பதால் நம் வாசகர்களுக்கு அது எளிதில் பிடித்துப்போகும். ஆயினும் அதைச் சோதிக்காமல் ஏற்பதற்கில்லை. பொதுவாகப் பேசுவதை விடுத்து, ஒரு படைப்பின் ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம்.

பி மைனர் திருப்பலி இசையில் விசுவாச அறிக்கையின் நடுவே, ஆண்டவர் சிலுவையில் அறையுண்டதைச் சொல்லும் பகுதி வருகிறது. பாக் இதை 1714-ஆம் ஆண்டில் தாம் இயற்றிய ஒரு கண்டாட்டாவிலிருந்து எடுத்து, தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் மாற்றி அமைத்தார். லூத்தரன் சபையைச் சேர்ந்த அவர், முழுமையான இலத்தீன் திருப்பலிப் பாடத்துக்கு இசையமைப்பதில் தம் கடைசி உழைப்பைச் செலவிட்டார் என்பதும் நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. அப்பகுதியின் அடித்தளத்தில் நான்கு அளவைகள் கொண்ட ஓர் இசைத்தொடர் உள்ளது. அரைச் சுரம் அரைச் சுரமாகக் கீழிறங்கும் அத்தொடரைச் செல்லோவும், அதற்கு ஒரு ஸ்தாயி கீழே டபுள் பாசும் இசைக்கின்றன. அது பதின்மூன்று முறை திரும்பத் திரும்ப வருகிறது. மேலே குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஒன்றோடொன்று உரசி விலகுகின்றன. பதின்மூன்றாம் முறை வரும்போது குழல்களும் வயலின்களும் நின்றுவிடுகின்றன. அடக்கம் செய்யப்பட்டார் என்னும் சொல்லோடு குரல்கள் தம் எல்லையின் அடிப்பகுதிக்கு இறங்கி, ஏறத்தாழ மௌனத்தில் சென்று முடிகின்றன. அந்த இடத்தில், எதிர்பாராத ஒரு மென்மையோடு, இசை துயரத்தின் மைனரிலிருந்து மேஜருக்குத் திரும்புகிறது. அடுத்த நொடியே எக்காளங்களும் முரசங்களும் ஐந்து குரல்களும் ஒருங்கே வெடித்தெழ, உயிர்ப்பு அறிவிக்கப்படுகிறது.

இப்போது இதே இடத்தை, ஒரு காலத்தில் நம் வீடுகளில் இருந்த ஒற்றை ஒலிபெருக்கி டேப் ரெக்கார்டரில் கேட்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளங்கை அகலமுள்ள ஒலிபெருக்கி, நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலியை ஏறக்குறையக் கைவிட்டுவிடும். ஆகவே டபுள் பாஸ் மறைந்துபோகிறது. பதின்மூன்று முறை வரும் அந்த இறக்கம் செல்லோவின் மேல் ஒலிகளாக மட்டும் எஞ்சுகிறது. காலடிபோல் ஒலிக்க வேண்டியது பின்னணி முணுமுணுப்பாகிவிடுகிறது. அடுத்ததாக இரைச்சல். சாதாரணக் கேசட்டில் மிகப் பெரிய ஒலிக்கும் நாடாவின் இரைச்சலுக்கும் இடையே ஏறத்தாழ 50 டெசிபல் இடைவெளியே உண்டு. குறுந்தகட்டிலோ அது 96 டெசிபல் அளவு. எனவே அடக்கத்தைச் சொல்லும் அந்த இறுதி அளவைகள் ‘உஸ்’ என்ற நாடா ஒலியில் மூழ்குகின்றன. கேட்பவர் என்ன செய்வார்? எழுந்து ஒலியைக் கூட்டுவார். கூட்டிய கணத்தில் உயிர்ப்பின் எக்காளம் பாய்கிறது. சிறிய ஒலிபெருக்கி அதைத் தாங்கமாட்டாமல் கரகரக்கிறது. மீண்டும் எழுந்து குறைப்பார். பாக் அடக்கத்துக்கும் உயிர்ப்புக்கும் இடையே வைத்த எல்லையில்லாத் தூரம், ஒரு குமிழியை இருமுறை திருகும் தொந்தரவாகச் சுருங்கிவிட்டது. அத்தகைய பெட்டியில் கேட்டவர் ஒருவர், “ஒரே மாதிரி நீண்டுகொண்டே போகிறது, பிறகு திடீரென்று கத்துகிறார்கள்” என்று சொன்னால், அவரது இரசனையைப் பழிப்பது நியாயமாகாது. அவர் கேட்டதை அவர் சரியாகவே வருணித்திருக்கிறார்.

ஒலியைத் தாழ்த்தி வைத்துக் கேட்பவருக்கு இன்னொரு இழப்பும் உண்டு. பிளெட்சர், மன்சன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1933-இல் வெளியிட்ட அளவீடுகள் மனிதச் செவியின் ஓர் இயல்பை வரைபடமாக்கிக் காட்டின. ஒலி தணியத் தணிய, தாழ்ந்த சுரங்களுக்கான நம் செவியின் கூர்மை மற்றவற்றைவிட வேகமாகக் குறைகிறது. ஆதலால் அண்டை வீட்டாருக்கு அஞ்சி மெல்ல வைத்துக் கேட்கும்போது இசை சிறிதாவதோடு நிற்பதில்லை; அதன் அடித்தளமே கரைந்துவிடுகிறது. மிகச் சிறந்த கருவியும் இதற்கு விலக்கன்று.

பாக்கையாவது செல்லோவின் மேலொலிகள் ஓரளவு காப்பாற்றுகின்றன. வாக்னரின் ‘ரைன் தங்கம்’ என்னும் இசை நாடகத்தின் தொடக்கத்தை நோக்குவோம். டபுள் பாஸ்களின் தாழ்ந்த ஈ பிளாட் ஒன்றோடு அது தொடங்குகிறது. அச்சுரத்தின் அதிர்வெண் ஏறத்தாழ 39 ஹெர்ட்ஸ். நான்கு அளவைகளுக்குப் பின் பசூன்கள் சேர்கின்றன; பின்னர் எட்டுக் கொம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுகின்றன. 136 அளவைகள் வரை அந்த ஈ பிளாட்டை விட்டு இசை நகர்வதேயில்லை. உலகம் தோன்றுவதற்கு முன்பிருந்த ஆற்றின் ஆழத்தை வாக்னர் இவ்வாறு தீட்டினார். சிறிய ஒலிபெருக்கி 39 ஹெர்ட்ஸை எழுப்பவே எழுப்பாது. வியப்பு என்னவெனில், நமக்கு அந்தச் சுரம் கேட்பதுபோலவே இருக்கும். 78, 117, 156 என்று மேலே அடுக்கடுக்காக வரும் துணை ஒலிகளைக் கொண்டு, இல்லாத அடிச் சுரத்தை நம் செவி தானாகவே ஊகித்துக்கொள்கிறது. சுரம் எதுவென்று தெரியும். அதன் கனம் மட்டும் வராது. தரையும் நாற்காலியும் மெல்ல அதிர வேண்டிய இடத்தில், ஏதோ ஒரு தேனீ ரீங்கரிப்பதுபோல் இருக்கும். ஐந்து நிமிடத்துக்குக் குறைவான அந்த முன்னிசையைப் பெட்டியில் கேட்டுச் சலித்து, வாக்னரை அத்தோடு விட்டுவிட்டவர்கள் சிலரை நாம் அறிவோம்.

அந்நாடகத்தை 1958-இல் வியன்னாவின் சோபியன்சால் அரங்கில் ஜார்ஜ் ஷோல்டி நடத்த, டெக்கா நிறுவனத்தின் ஜான் கல்ஷா ஒலிப்பதிவு செய்தார். நான்கு நாடகங்களும் நிறைவுற 1965 வரை ஆயிற்று. அவ்வரங்கு முதலில் நீராவிக் குளியல் மாளிகையாகக் கட்டப்பட்டது. தரைக்கடியில் இருந்த பழைய குளத்தின் வெற்றிடம் தாழ்ந்த ஒலிகளுக்கு ஒரு முழக்கத்தைத் தந்தது என்பர். வாக்னர் கேட்ட பதினெட்டுப் பட்டடைக் கற்களையும் கல்ஷா தேடிப்பிடித்து வைத்தார். இவ்வளவு உழைப்பும் இசைத்தட்டின் பள்ளங்களுக்குள் உறங்குகிறது. அதை எழுப்புவதற்குத் தகுதியான கருவி இல்லாதவருக்கு அது உறங்கியே கிடக்கும். (2001-ஆம் ஆண்டுத் தீ விபத்தில் அவ்வரங்கு எரிந்து, பின்னர் புதுப்பிக்கப்பட்டது.)

இதுவரை சொன்னதைக் கொண்டு கருவியே எல்லாம் என்று முடிவு கட்ட முனைவோருக்கு, பாப்லோ கஸால்ஸ் குறுக்கே நிற்கிறார். பாக்கின் ஆறு செல்லோ சூட்களை அவர் 1936-இல் இலண்டனிலும், 1938, 1939-ஆம் ஆண்டுகளில் பாரிசிலும் ஒலிப்பதிவு செய்தார். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் தட்டுகளுக்காகச் செய்யப்பட்ட பதிவு. ஒரு பக்கத்தில் நான்கு நிமிடங்களுக்குச் சற்று அதிகமாகவே அடங்கும். ஊசியின் உரசல் நீங்காது. மேல் ஒலிகள் பாதி இல்லை. ஆயினும் ஐந்தாம் சூட்டின் சரபாந்து நடனப் பகுதியைக் கேளுங்கள். அதில் இரு தந்திகளை ஒருங்கே இழுக்கும் இடம் ஒன்றுகூட இல்லை. தனித்த ஒரே கோடு; துணைக்கு எதுவும் வராத கோடு. அதை அவர் வாசித்தது 1939 ஜூனில். தாய்நாடு சர்வாதிகாரியின் கையில் வீழ்ந்து, அவர் நாடு கடந்து வாழ்ந்த காலம். மிக மலிவான பெட்டியிலும் அந்த வில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகத் தயங்கும் தயக்கம் கேட்கிறது. புதிய ஒலிப்பதிவுகள் பலவற்றை நல்ல கருவியில் கேட்டபின்னும் நாம் இதற்கே திரும்பியிருக்கிறோம்.

ஏன் இந்த வேறுபாடு? இசையமைப்பாளர் தம் கருத்தை எங்கே வைத்திருக்கிறார் என்பதே இதை முடிவு செய்கிறது எனத் தோன்றுகிறது. சுரங்களின் வரிசையிலும், அவற்றின் காலப் பிரமாணத்திலும், ஒன்றை நீட்டி ஒன்றைக் குறுக்கும் அழுத்தத்திலும் கருத்து இருந்தால், அது குறுகிய குழாய் வழியாகவும் வந்துசேரும். ஆழத்திலும், தூரத்திலும், வாத்தியங்களின் நிறக் கலவையிலும், மௌனத்துக்கும் பேரொலிக்கும் இடையேயுள்ள இடைவெளியிலும் அது இருந்தால், நல்ல கருவியின்றி வாராது. பெரிய ஆலயத்து ஆர்கனில் 32 அடிக் குழாயின் அடிச் சுரம் ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸ். அதைக் கேட்கிறோம் என்பதைவிட உடலால் உணர்கிறோம் எனலாம். அதை எந்த வீட்டுக் கருவியும் முழுமையாகத் தருவதில்லை. சிறிய கருவி தருவதாகப் பாசாங்குகூடச் செய்வதில்லை.

குரலைப் பற்றியும் ஒரு சொல். 1902 ஏப்ரலில் மிலான் நகர விடுதி அறையொன்றில் கரூசோ ஒரு கூம்பின் முன் நின்று பத்துப் பாடல்களைப் பாடினார். மின்சார ஒலிப்பதிவு 1925-இல்தான் வந்தது. அதற்கு முன் பாடுவோரின் மூச்சின் ஆற்றலே ஊசியை அசைத்து மெழுகில் கீற வேண்டும். டபுள் பாசின் ஒலி கூம்புக்குள் சேராது என்பதால் அதற்குப் பதில் டியூபாவை வைத்தார்கள். வயலினுக்குக்கூடக் கூம்பு பொருத்தினார்கள். இருந்தும் கரூசோவின் குரல் தப்பியது. அவருடைய குரலின் வலிமை அக்கருவி பிடிக்கக்கூடிய நடு எல்லையில் இருந்தது. அதே ஆண்டில் வத்திக்கானில் பதிவான அலெசாந்திரோ மொரெஸ்கியின் குரல் அவ்வாறு தப்பவில்லை. சிஸ்டைன் சிற்றாலயப் பாடகர் குழுவைச் சேர்ந்த அவர், சிறுவயதிலேயே விதையடிக்கப்பட்டு உயர்ந்த குரலைத் தக்கவைத்துக்கொண்டவர்களுள் தனிக் குரலாக ஒலிப்பதிவு கண்ட ஒரே ஒருவர். திருச்சபை வரலாற்றின் வேதனையான ஒரு பக்கத்துக்கு அவர் குரல் சான்று. நமக்குக் கிடைத்திருப்பதோ தேய்ந்த, நடுங்கும் ஓர் ஒலி. அதைக் கொண்டு அக்குரல் மரபையே எள்ளி நகையாடியவர்கள் உண்டு. பதிவுக் கருவி எவ்வளவைத் தின்றது, முதுமையும் பதற்றமும் எவ்வளவைத் தின்றன என்று பிரித்தறிய இயலாத இடத்தில் தீர்ப்புச் சொல்லாதிருப்பதே நேர்மை.

தாமஸ் மன்னின் ‘மாய மலை’ நாவலில் (1924) காசநோய் இல்லத்துக்கு ஒரு கிராமபோன் வந்துசேரும் அத்தியாயம் உண்டு. கதைநாயகன் அதன் காவலனாகவே மாறி, இரவில் தனித்திருந்து தட்டுகளைச் சுழலவிடுகிறான். ஓவியத்தைத் தொலைநோக்கியின் மறுமுனை வழியாகப் பார்ப்பதுபோல, இசை அப்பெட்டியில் சிறுத்தும் எட்டியும் தெரிகிறது என்பதை மன் மறைக்கவில்லை. ஆயினும் அந்தச் சிறுத்த ஒலியிலிருந்தே காதலையும் சாவையும் குறித்த அவனது ஆழ்ந்த சிந்தனைகள் பிறக்கின்றன. கருவியின் குறையை அறிந்தே கேட்பவனுக்கு அந்தக் குறை பெரும்பகுதி மன்னிக்கப்பட்டுவிடுகிறது; குறை இருப்பதையே அறியாதவன்தான் ஏமாறுகிறான். மன் இதைச் சொல்லவில்லை. அவ்வத்தியாயத்தைப் படித்து நாமாகக் கொண்ட கருத்து இது.

கருவி நம் இரசனையை வேறொரு வழியிலும் மறைமுகமாகத் திருப்புகிறது. பி மைனர் திருப்பலியைக் கார்ல் ரிக்டர் 1961-இல் மியூனிக் பாக் பாடகர் குழுவின் பெருந்திரளோடு பதிவு செய்தார். 1980-களின் தொடக்கத்தில் ஜோஷ்வா ரிஃப்கின், ஒரு குரல் பகுதிக்கு ஒரே ஒரு பாடகர் என்ற கொள்கையோடு அதே படைப்பைப் பதிவு செய்தார்; அதுவே பாக்கின் வழக்கம் என்பது அவர் வாதம். அறிஞரிடையே அவ்வாதம் ஓய்ந்தபாடில்லை. அதற்குள் நாம் புகவில்லை. சிறிய பெட்டியில் கேட்டால் ரிஃப்கினே வெல்வார் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம். ஐந்து தனிக் குரல்கள் அங்கே ஐந்து கோடுகளாகத் தெரியும். ரிக்டரின் திரளோ ஒரே கஞ்சியாகக் குழைந்துவிடும். நல்ல ஒலிபெருக்கிகள் இரண்டின் நடுவே அமர்ந்து கேட்டால் ரிக்டரின் திரளும் கோடுகளாகப் பிரிகிறது. அதற்குமேல் ஒரு மக்கள் கூட்டமே விசுவாசத்தை அறிக்கையிடும் பேருணர்வும் கிடைக்கிறது. நம் சொந்த விருப்பம் ரிக்டரின் பக்கமே. எளிய கருவி மட்டுமே வைத்திருக்கும் நண்பருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

கருவிப் பித்தரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் வீட்டில் பத்து நிமிடத்துக்குமேல் ஒரு படைப்பைத் தொடர்ந்து கேட்க இயலாது. முக்கோண மணி ஒலிக்கும் இடம், முரசு அதிரும் இடம் என்று துண்டுதுண்டாகக் காட்டுவார்கள். துல்லியம் கூடக்கூட இசைக்குப் புறம்பான ஒலிகளும் கூடும் என்பதையும் கவனிக்க வேண்டும். கிளென் கூல்ட் 1981-இல் இரண்டாம் முறையாகப் பதிவு செய்த ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ இதற்குச் சான்று. வாசித்துக்கொண்டே அவர் முனகிப் பாடும் ஒலி சாதாரணப் பெட்டியில் மங்கலாகவே வரும். சிறந்த கருவியில் அவர் பக்கத்தில் அமர்ந்து முனகுவார். சிலருக்கு அது நெருக்கம். நமக்குச் சிறிது தொல்லை. பழைய தட்டுகளின் உரசலைக் கணினியால் துடைத்து வெளியிடும் பதிப்புகளிலும் எச்சரிக்கை தேவை. உரசலோடு சேர்த்து வில்லின் சொரசொரப்பும் துடைக்கப்பட்டு, மெழுகுப் பொம்மைபோல் பளபளக்கும் செல்லோவை நாம் கேட்டதுண்டு.

இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. நடுத்தர விலையுள்ள ஹெட்போன் ஒன்று, முன்பு பெருஞ்செலவில் வாங்கிய பெட்டிகளைவிடத் தாழ்ந்த ஒலிகளைச் செம்மையாகத் தருகிறது. தரையதிர்வு மட்டும் வராது. இசை தலைக்குள்ளேயே நடப்பதுபோன்ற ஒரு நெருக்கடியும் இருக்கும். ஒலிபெருக்கியில் கேட்பவர்களுக்கோ வீடுதான் பாதிக் கருவி. நம் வீடுகளில் சிமென்டுச் சுவரும் வழவழப்பான தரையும் ஒலியைத் திருப்பியடிக்கின்றன. சன்னலுக்குத் தடித்த திரையும், சுவரோரம் புத்தக அலமாரியும், தரையில் ஒரு சமுக்காளமும் இட்டால், புது ஆம்ப்ளிஃபயர் தராத தெளிவு வந்துவிடும். மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்தினால் பாக்கின் அந்த அடக்க அளவைகள் கேட்கத் தொடங்கும். மே மாதத்தில் இதுவும் ஒரு ஒறுத்தல்தான். அப்பகுதி நீள்வது சில நிமிடங்களே என்பதால் தாங்கிக்கொள்ளலாம்.

ஒலிப்பதிவையே ஏற்காத கலைஞரும் இருந்தார். செர்ஜியு செலிபிடாகே, ஓர் அரங்கின் எதிரொலிக்கேற்பவே இசையின் வேகம் அமைகிறது, அதை வேறோர் அறைக்குக் கொண்டுபோக முடியாது என்ற கொள்கையால், தட்டுகள் வெளியிடுவதைப் பெரும்பாலும் மறுத்துவந்தார். அவரது பெருந்தொகுப்புகள் 1996-இல் அவர் மறைந்த பின்னரே, குடும்பத்தாரின் இசைவோடு வெளிவந்தன. கொள்கை அளவில் அவர் கூறியது சரியே. அதை அப்படியே ஏற்றால் மியூனிக் செல்ல வழியில்லாதவருக்குப் புரூக்னரே இல்லை என்றாகும். அந்த விலையைக் கொடுக்க நாம் ஆயத்தமாக இல்லை.

தினு லிபாட்டி என்னும் உருமானியப் பியானோ கலைஞர் 1950 ஜூலையில் ஜெனீவாவில் ஷோபானின் பதினான்கு வால்ட்ஸ்களை ஒலிப்பதிவு செய்தார். அதே ஆண்டு செப்டம்பர் 16 அன்று, கொடிய நோயின் இறுதிக் கட்டத்தில், பெசான்சோனில் தம் கடைசிக் கச்சேரியில் அவற்றை மீண்டும் வாசித்தார். பதிமூன்றை முடித்தார், பதினான்காவதற்கு வலுவில்லை. டிசம்பர் 2 அன்று, முப்பத்து மூன்றாம் வயதில் இறந்தார். இரு பதிவுகளும் நம்மிடம் உள்ளன. ஜெனீவாப் பதிவு தெளிவானது; வானொலிக்காரர்கள் எடுத்த பெசான்சோன் பதிவில் ஒலி மங்கல், அவையின் இருமலும் கேட்கும். கருவி எவ்வளவு உயர்ந்ததாயினும் இரண்டாவது பதிவு முதலாவதன் தெளிவை எட்டாது. எளிய பெட்டியில் கேட்டாலும், இரண்டாவதில் விரல்கள் விரைந்து ஓடுவது ஏன் என்பது விளங்கிவிடுகிறது. பதினான்காம் வால்ட்ஸுக்குப் பதிலாக அவர் அன்று, இயேசுவை மகிழ்ச்சியெனப் போற்றும் பாக்கின் பாமாலையை வாசித்தார் என்று அங்கிருந்தோர் கூறினர். அது ஒலிப்பதிவில் இல்லை. அதே பாமாலையை ஜூலையில் ஜெனீவாவில் அவர் வாசித்தது கிடைக்கிறது, மூன்றரை நிமிடம், எந்தப் பெட்டியிலும் கேட்கலாம்.